நான்கு இரவு, ஒரே ஊர்: மெக்சிகோவின் பழைய ஊர்களில் எங்கே தங்குவது?

அக்காவும் அத்தானும் ஜனவரியில் கோவையிலிருந்து வருகிறார்கள். டெக்சாஸ் வரை வந்துவிட்டு மெக்சிகோவைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். கடற்கரை வேண்டாம், பெரிய நகரம் வேண்டாம். "ஸ்பெயின்காரன் கட்டின பழைய ஊர் ஒண்ணு, அங்கே நாலு நாள் நிம்மதியா இருக்கணும்." அவள் கேட்டது இவ்வளவுதான். அத்தானுக்கு வலது முழங்காலில் வலி. இருவரும் அசைவம் தொடமாட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஸ்பானியர் 1521 முதல் 1821 வரை 300 ஆண்டுகள் ஆண்ட நாடு அது. கோயில் கோபுரமும் கல் பாவிய தெருவும் உள்ள பழைய ஊர்கள் ஏராளம். நான் இரவு தங்கி, காலையில் எழுந்து நடந்து பார்த்தவை நான்கு: தாஸ்கோ, சான் மிகெல் தெ அயெந்தே, குவானஹுவாத்தோ, பாட்ஸ்குவாரோ. அக்காவுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது எழுதியது இது. இதே கேள்வி உள்ள வேறு யாருக்காவது உதவட்டும் என்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான்கையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் வரை எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொப்பி விற்பவர், வரிசையில் நின்று படம் எடுப்பவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடி அலைச்சல். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தக் கூட்டம் கிளம்பிய பிறகுதான் ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு சதுக்கத்துக்கு வந்து உட்காருவார்கள். நீங்கள் தேடி வந்த ஊர் அதுதான். அதைப் பார்க்க ஒரே இடத்தில் மூன்று இரவாவது வேண்டும்.

இன்னொன்று, நான் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பது. அழகை வைத்து அல்ல; நான்குமே அழகுதான். இந்தக் கட்டடங்களைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, ஸ்பானியர் வருமுன் அந்த மண்ணில் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று பார்ப்பேன். இந்தக் கேள்விகளுக்கு எந்த ஊர் தன் தெருவிலேயே பதில் வைத்திருக்கிறதோ, அதுவே எனக்கு நல்ல ஊர்.

தாஸ்கோவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெக்சிகோ சிட்டியிலிருந்து பேருந்தில் இரண்டரை, மூன்று மணி நேரம். மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், நடுவில் இளஞ்சிவப்புக் கல்லில் சாந்தா ப்ரிஸ்கா ஆலயம். வெள்ளிச் சுரங்கத்தில் பெரும் பணம் பார்த்த ஹோசே தெ லா போர்தா 1751இல் தொடங்கி ஏழே ஆண்டில் கட்டி முடித்தது. அதனால்தான் உள்ளே போனால் பலிபீடங்கள் எல்லாம் ஒரே கையால் செய்தது போல இருக்கும். அப்புறம் 1929இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்ப்ராட்லிங் அங்கே குடியேறி, பட்டறை வைத்து, அழிந்துகொண்டிருந்த வெள்ளித் தொழிலை நகைத் தொழிலாக மாற்றினார். இன்றும் ஊர் அதில்தான் பிழைக்கிறது. நகை வாங்குவதுதான் நோக்கம் என்றால் தாஸ்கோ போகலாம். ஆனால் தெருவெல்லாம் ஏணிதான். வாகனத்துக்கே மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அத்தான் முழங்காலோடு நான்கு நாள் என்ன செய்வார்? ஊர் இருக்கும் கெரேரோ மாநிலத்தின் பாதுகாப்பு நிலைமையும் சரியில்லை. தாஸ்கோவை விட்டுவிட்டேன்.

சான் மிகெலை அப்படிச் சட்டென்று விடமுடியாது. எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 1542இல் ஹுவான் தெ சான் மிகெல் என்ற பிரான்சிஸ்கன் துறவி தொடங்கிய ஊர். வடக்கே சகத்தேகாஸ் சுரங்கங்களிலிருந்து வெள்ளி ஏற்றி வரும் கோவேறு கழுதைகள் தங்கிச் செல்லும் வழி. பெயரின் பின்பாதி இக்னாசியோ அயெந்தேவுடையது. 1769இல் இங்கே பிறந்து, விடுதலைப் போரின் முதல் தளபதிகளில் ஒருவரானவர்.

இந்த ஊரின் அடையாளமாக எல்லாப் படங்களிலும் வரும் இளஞ்சிவப்புக் கோபுரம் ஸ்பானியர் காலத்தது அல்ல. ஆலயம் பழையதுதான், முகப்பு மட்டும் 1880களில் செஃபெரினோ குத்தியெர்ரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார் எழுப்பியது. ஐரோப்பிய ஆலயங்களின் அச்சுப்படங்களைப் பார்த்து அந்த வடிவத்தைப் பிடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கோபுரத்தின் மேல் மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

எதிரே உள்ள பூங்காவில் பெட்டி பெட்டியாகக் கத்தரித்த மரங்கள் நிற்கும். அங்கே அதற்குப் பெயர் 'லாவ்ரேல் தெ லா இந்தியா', அதாவது இந்திய லாரல். கிட்டே போய் இலையையும் பாலையும் பார்த்தால் தெரிந்துவிடும், நம் ஊர் ஆல், இச்சி வகை மரம்தான். அதன் நிழலில் உட்கார்ந்து மாலை முழுவதும் போக்கலாம். தரை கொஞ்சம் சரிவு, நடைபாதை குறுகல், கற்கள் வழுக்கும். ஆனாலும் ஊர் நடுவிலேயே தங்கினால் அத்தான் சமாளிப்பார்.

பிறகு என்ன குறை? 1930களின் கடைசியிலிருந்து அமெரிக்க ஓவியர்களும், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசு கொடுத்த படிப்பு உதவித்தொகையோடு முன்னாள் போர்வீரர்களும் இங்கே வந்து கலை படித்தார்கள். வந்தவர்களில் பலர் தங்கினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். பாழடைந்து கிடந்த ஊரைத் தூக்கி நிறுத்தியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று நடு ஊரில் வீட்டு விலை டாலரில் எழுதித் தொங்குகிறது. உணவகத்தில் வாய் திறக்கும் முன் ஆங்கிலப் பட்டியல் வருகிறது. துடைத்து, வண்ணமடித்து, எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் இரவு ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்குப் பேருந்து ஏறிப் போகிறார்கள். அப்படி ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலை நின்ற பிறகு, பூங்காவில் உட்கார்வது எனக்கு முன்போல இனிக்கவில்லை.

ஆனால் அத்தோத்தோனில்கோவைத் தவறவிடக் கூடாது. ஊருக்கு வடக்கே அரை மணி நேரத்தில் ஒரு சிற்றூர். 18ஆம் நூற்றாண்டு ஆலயம். உள்ளே சுவர், கூரை, வளைவு எங்கும் ஓவியம். மிகெல் அந்தோனியோ மார்த்தினெஸ் தெ போக்காசாங்ரே பல ஆண்டுகள் வரைந்தது. 1810 செப்டம்பர் 16 அன்று, விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் மிகெல் ஹிதால்கோ தன் படையோடு இங்கே வந்து, குவாதலூப்பே மாதா படத்தை எடுத்துக் கொடியாகப் பிடித்தார். இன்றும் அங்கே நாட்டுப்புறத்து ஏழை எளியவர்கள் முள்முடி சூடி நோன்பிருக்க வருகிறார்கள். சான் மிகெலும் இதுவும் சேர்ந்துதான் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

சரி, குவானஹுவாத்தோ.

இந்த ஊருக்குள் முதல்முறை போகிறவர் குழம்பித்தான் போவார். வண்டி மலைக்குள் புகுந்து, கல் வளைவுகளுக்கு அடியில், வெளிச்சமும் இருட்டுமாக ஓடும். ஒரு காலத்தில் ஆறு ஓடிய பாதை அது. வெள்ளம் ஊரைத் திரும்பத் திரும்ப அழித்ததால் ஆற்றை வேறு வழியில் திருப்பி, காய்ந்த படுகையை 1960களில் தெருவாக்கினார்கள். மேலே ஊர், கீழே போக்குவரத்து. படிக்கட்டில் ஏறி மேலே தலையை நீட்டினால் திடீரென்று சதுக்கம், காப்பிக்கடை, மஞ்சளும் நீலமும் சிவப்புமாக மலைமேல் அடுக்கிய வீடுகள்.

இந்த ஊரின் பணம் வெள்ளி. கல்லை உடைத்து அரைத்து, முற்றத்தில் பரப்பி, உப்பும் பாதரசமும் கலந்து, கழுதைகளையும் மனிதர்களையும் விட்டு வாரக்கணக்கில் மிதிக்க வைத்து வெள்ளியைப் பிரித்தார்கள். பார்த்தோலொமே தெ மெதினா 1554இல் பச்சூக்காவில் கொண்டுவந்த முறை அது. பாதரசத்தை மிதித்த காலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு மேலே உள்ள வலென்சியானா சுரங்கம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தின் மிகப் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. அதன் வாசலிலேயே 1788இல் கட்டி முடித்த சான் கயெத்தானோ ஆலயம், தலை முதல் கால் வரை தங்க இலை ஒட்டிய மூன்று பலிபீடங்களோடு நிற்கிறது. ஆலயத்தைப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்து சுரங்க வாயை எட்டிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

அந்த வெள்ளி எங்கே போனது? 8 ரெயால் நாணயமாகி, பாதி உலகத்தில் புழங்கியது. 1807இல் சென்னை நாணயச்சாலை இரண்டு ரூபாய்க் காசு வெளியிட்டபோது, பல காசுகளை ஸ்பானிய 8 ரெயால் மேலேயே அடித்தார்கள். சிலவற்றில் பழைய முத்திரையின் தடம் இன்னும் தெரிகிறது. வலென்சியானா மேட்டில் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காசுதான்.

கீழே ஊருக்குள் அல்ஹோந்திகா தெ க்ரனதீத்தாஸ் என்ற தானியக் களஞ்சியம் இருக்கிறது. கோட்டை போன்ற கட்டடம். 1810 செப்டம்பர் 28 அன்று ஹிதால்கோவின் படை வந்தபோது ஸ்பானியர்கள் தங்கள் செல்வத்தோடு இதற்குள் அடைந்துகிடந்தார்கள். பீப்பிலா என்று எல்லோரும் அழைக்கும் சுரங்கத் தொழிலாளி ஒருவர் முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. உள்ளே பெரும் படுகொலை நடந்தது. அடுத்த ஆண்டு ஹிதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் என்ற கிளர்ச்சித் தலைவர்கள் நால்வரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டு, அவர்கள் தலைகள் இரும்புக் கூண்டில் இதே கட்டடத்தின் நான்கு மூலையிலும் தொங்கின. 1821இல் விடுதலை கிடைக்கும் வரை இறக்கவில்லை. மூலைகளில் அவர்கள் பெயர் பொறித்திருக்கிறது. நான் போன அன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு மூலையையும் சுற்றி ஓடி, ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்தார்கள்.

முழங்கால் விஷயம். மலையூர் என்பதால் பயப்பட வேண்டாம், எங்கே தங்குகிறோம் என்பதுதான் முக்கியம். நான் முதல்முறை போனபோது படத்தில் காட்சி நன்றாக இருக்கிறதே என்று மேட்டுச் சந்தில் அறை போட்டேன். டாக்சி கீழேயே நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எண்ணி 140 படி. அந்த அறையில் இருந்த மூன்று நாளும் ஒருமுறை இறங்கினால் இரவுதான் ஏறினேன். பள்ளத்தாக்கின் அடியில், ஹார்தின் தெ லா உனியோன் பூங்காவிலிருந்து ஹிதால்கோ சந்தை வரையான பகுதி ஏறக்குறைய சமதளம். தங்கும் இடம் அந்தக் கோட்டில் இருந்தால் ஹுவாரெஸ் நாடக அரங்கு, பல்கலைக்கழகம், தியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீடு, களஞ்சியம் எல்லாம் நடந்தே பார்க்கலாம். பீப்பிலா சிலை மேட்டுக்கு மின் இழுவை ரயில் உண்டு. ஆனால் பூங்காவை ஒட்டியே அறை எடுக்காதீர்கள். வெல்வெட் அங்கி போட்ட மாணவர் குழுக்கள் கித்தாரோடு சந்து சந்தாகப் பாடிப் போவது கேட்க இனிமைதான். இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்து கேட்கும்போது அப்படித் தோன்றாது. அதேபோல அக்டோபரில் செர்வாந்தினோ கலை விழா நடக்கும். அதற்காகவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த மாதத்தை ஒதுக்கிவிடலாம். மம்மி அருங்காட்சியகத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அடக்கம் செய்த இடத்துக்கு வரி கட்டாதவர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தது அது.

இப்போது பாட்ஸ்குவாரோ. இங்கே என்னால் நடுநிலையாக எழுத முடியாது. எனக்கு மிகப் பிடித்த ஊர்.

மிச்சோவாகான் மாநிலத்தில், ஏரிக்கரை மேட்டில், ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது. மண்சுவர் வீடுகள், மேலே வெள்ளை, அடியில் காவி, சாய்ந்த ஓட்டுக் கூரை. கடைப் பெயர்கள்கூட ஒரே எழுத்தில்தான்: முதல் எழுத்து சிவப்பு, மற்றவை கறுப்பு. தங்கமும் கோபுரமும் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரிய சதுக்கத்தில் ஆலயமே கிடையாது. சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரங்கள், நடுவில் உயரமான மரங்கள், அவற்றுக்கிடையே வாஸ்கோ தெ கிரோகாவின் சிலை.

ஸ்பானியர் வருமுன் இது புரேபெச்சா அரசு. அஸ்தெக்குகளால் வெல்ல முடியாத அரசு. நூன்யோ தெ குஸ்மான் என்ற ஸ்பானிய அதிகாரி 1530இல் அதன் கடைசி மன்னர் தங்கஷுவானைச் சித்திரவதை செய்து கொன்றார். அந்தக் கொடுமைக்குப் பிறகு நீதிபதியாக வந்து, பின்பு பிஷப் ஆனவர் கிரோகா. இலட்சிய நாடு ஒன்றைக் கற்பனை செய்து தாமஸ் மோர் எழுதிய 'உட்டோப்பியா'வைப் படித்துவிட்டு, ஏரியைச் சுற்றி அதன்படி ஊர்களை அமைக்க முயன்றார். பொது நிலம், மருத்துவமனை, ஊருக்கு ஒரு கைத்தொழில். அவரும் ஆட்சியாளர் கூட்டத்தில் ஒருவர்தான். மக்களை மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் புரேபெச்சா மக்கள் இன்றும் அவரைத் 'தாத்தா வாஸ்கோ' என்கிறார்கள். அவர்கள் மொழியில் தாத்தா என்றால் அப்பா.

பழைய சான் அகுஸ்தின் ஆலயம் இப்போது நூலகம். அதன் உள்சுவர் முழுக்க ஹுவான் ஓ கோர்மான் 1940களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியம்: மன்னரின் கொலை, கிரோகா, விடுதலைப் போரில் 1817இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹெர்த்ரூதிஸ் பொக்கானெக்ரா, கடைசியில் புரட்சி. அந்தச் சுவருக்குக் கீழே பையன்கள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்தால் சந்தை. கறுப்பில் நீலக்கோடு போட்ட சால்வை போர்த்திய பெண்கள், சுவரில் பார்த்த அதே முகங்கள், காய்கறி விற்றபடி தங்களுக்குள் புரேபெச்சாவில் பேசிக்கொள்கிறார்கள். நான் தேடும் பதில் தெருவிலேயே இருக்கிறது என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

தெற்கே அரை மணி நேரத்தில் சாந்தா க்ளாரா தெல் கோப்ரே, செம்பு ஊர். ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். பழைய மின்கம்பிச் செம்பை உருக்கி வட்டமாக வார்த்த தட்டு, உலையில் கரித்தணலில் சிவக்கிறது. ஒருவர் நீண்ட இடுக்கியால் அதை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைக்க, நான்கு பேர் சுற்றி நின்று சம்மட்டி போடுகிறார்கள். ஒருவர் ஓங்கும்போது ஒருவர் இறக்குகிறார். தாளம் தப்புவதே இல்லை. இடுக்கிக்காரர் ஒவ்வொரு அடிக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்புகிறார். கறுப்புச் செதில் உதிர உதிர, உள்ளேயிருந்து ரோஜா நிறம் வருகிறது. நான்கைந்து அடுக்குத் தட்டுகளை ஒன்றாக வைத்தே அடிப்பார்கள். பிறகுதான் பிரித்து ஒவ்வொன்றாகக் குடமாக வளைப்பார்கள். நான் வாங்கி வந்த சின்னச் சொம்பு கோவையில் அக்கா வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது.

வடக்கே சின்சுன்சான், பழைய தலைநகர். ரீங்காரச் சிட்டுகளின் ஊர் என்று பொருள். வட்ட முகப்புள்ள ஐந்து கல்மேடைகள் ஏரியைப் பார்த்து நிற்கின்றன. அவற்றிலிருந்து பெயர்த்த கற்களைக் கீழே உள்ள மடத்துச் சுவரில் பார்க்கலாம். ஹனிட்சியோ தீவுக்குப் படகு உண்டு, ஆனால் ஏறியதும் படிதான், அத்தானுக்கு ஆகாது. ஏரியும் சில ஆண்டுகளாகக் கண் முன்னே சுருங்கி வருகிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாளுக்குக் கூட்டம் அலைமோதும். அமைதி தேடுகிறவர்கள் அப்போது போகாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறைக்கக் கூடாத ஒன்று: மிச்சோவாகானில் குற்றக் கும்பல்களின் சண்டைகள் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த மாநிலத்தையும் கெரேரோவையும் 'பயணம் செய்ய வேண்டாம்' என்ற நிலையில் வைத்திருக்கிறது. குவானஹுவாத்தோ மாநிலத்துக்கு ஒரு படி கீழே, 'மறுபரிசீலனை செய்யுங்கள்'. பாட்ஸ்குவாரோ ஊருக்குள் எனக்கு எந்தத் தொல்லையும் நேரவில்லை. ஆனால் எனக்கு நேரவில்லை என்பது இன்னொருவருக்கு உத்தரவாதம் ஆகாது. போவதாக இருந்தால் பகல் நேர நேரடிப் பேருந்தில் போங்கள், இருட்டியபின் சாலையில் இருக்காதீர்கள், அந்த வாரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பயணக் காப்பீடு அந்த மாநிலத்துக்குச் செல்லுமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும்.

சாப்பாடு எங்கும் சமாளிக்கலாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். அவரையிலும் மசித்த சோளத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும்தான் பொருள். "சின் மன்த்தேகா" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்ஸ்குவாரோவின் கொருந்தா, இலையில் மடித்து அவித்த முக்கோணக் கொழுக்கட்டை, பெரும்பாலும் கொழுப்பு போட்டதுதான். குவானஹுவாத்தோவில் உருளைக்கிழங்கு, காரட், பாலாடைக்கட்டியோடு வரும் என்சிலாதாஸ் மினேராஸ் கேட்டு வாங்கலாம். புளித் தண்ணீர் எங்கும் கிடைக்கும், அக்காவுக்குப் பிடிக்கும். ஜனவரி இரவு எல்லா ஊரிலும் குளிர். பல பழைய விடுதிகளில் அறையில் ஹீட்டர் இருக்காது, முன்பே கேளுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை, ஆனால் திரும்பி நுழைய அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதாக இருப்பது நல்லது. கிளம்புமுன் விதியைத் தூதரகத்தில் சரிபார்த்துக்கொள்ளவும்.

ஆக, தனியாகப் போகிறவர், எச்சரிக்கைகளைப் படித்துவிட்டுத் தன் பொறுப்பில் முடிவெடுக்கக்கூடியவர் என்றால் பாட்ஸ்குவாரோ என்பேன். ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது, ஓய்வு மட்டும் வேண்டும் என்றால் சான் மிகெல். அக்காவுக்கும் அத்தானுக்கும் நான் சொன்னது குவானஹுவாத்தோ. டெக்சாஸிலிருந்து பாஹியோ விமான நிலையத்துக்கு நேரடி விமானம், அங்கிருந்து டாக்சியில் ஒரு மணி நேரத்துக்குள் ஊர். பள்ளத்தாக்கின் அடியில் மூன்று இரவு, வழியில் அத்தோத்தோனில்கோ பார்த்துவிட்டு சான் மிகெலில் ஒரு இரவு என்று பதிவும் செய்தாயிற்று. ஒரே ஊர்தான் என்று ஆரம்பித்து ஒரு இரவை விட்டுக்கொடுத்தது அந்த ஓவியச் சுவருக்காக.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தச் சொம்பு செஞ்ச ஊர் இதுல இல்லையா?" இல்லை என்றேன். அடுத்தமுறை நிலைமை நன்றாக இருந்தால் நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.